வீட்டுக்குக் கடைசியில்தான் தெரியும்

அடையாறில் ஒரு பிள்ளையின் பழக்கம் அப்பா அம்மாவின் காதுக்கு எட்டும் முன்பே தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். அறையைப் பெருக்க வரும் அக்காவின் துடைப்பத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து காலி மாத்திரை அட்டைகள் வந்து விழும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் மொட்டை மாடிக்கு ஏறுகிறவர்கள் யாரென்று அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குத் தெரியும். ஸ்கூல் யூனிஃபார்மில் வந்து நிற்கிறவன் எதைக் கேட்கிறான் என்பது பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். எலியட்ஸ் பீச்சில் கூட உட்காரும் நண்பர்களுக்கு எல்லாமே தெரியும். இவர்களில் யாரும் வீட்டில் வந்து சொல்வதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று ஒருவருக்குப் பயம். ‘எங்க பிள்ளையைப் பத்தி நீ பேசுறியா’ என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று இன்னொருவருக்குத் தயக்கம். நண்பனைப் போட்டுக்கொடுத்த பெயர் வாங்க அந்த வயதில் யாருக்கும் மனம் வராது.

இந்த மௌனத்தின் நிழலில்தான் பழக்கம் வேரூன்றுகிறது. அது ஆறு மாதமாக இருக்கலாம், மூன்று வருடமாகவும் இருக்கலாம். கடைசியில் வீட்டுக்குத் தெரியவரும்போதும் அது தன் சொந்த முகத்தோடு வருவதில்லை. அரியராக வருகிறது, பீரோவில் காணாமல் போன சங்கிலியாக வருகிறது, வாசலில் நிற்கும் கடன்காரனாக வருகிறது, சில வீடுகளுக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு போனாக வருகிறது.

எப்போது அது நோய்

ஒரு முறை தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லை. மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்களை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது முதலாவது. படிப்பு, நட்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பின்னால் போய் அந்த ஒன்று மட்டும் முன்னால் வந்து நிற்பது இரண்டாவது. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியல், வீடியோ கேம் அடிமைத்தனத்தை நோயாகச் சேர்த்தபோது இதே மூன்றைத்தான் அளவுகோலாக வைத்தது. பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது அந்த நிலை நீடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. புகையிலை, மது, மாத்திரை போன்றவற்றில் உடலின் கணக்கும் சேர்ந்துகொள்ளும். பழைய அளவு போதாமல் போகும், நிறுத்தினால் உடம்பு படுத்தும்.

இளம் வயதில் இது வேகமாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நிதானிக்கவும் பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது. இன்பத்தைத் தேடச் சொல்லும் பகுதி அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கிறது. பதினைந்து வயதில் தொடங்கிய பழக்கம் முப்பது வயதில் தொடங்கியதைவிட ஆழமாகப் பதிவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். புத்தியில்லாததாலோ வளர்ப்பு சரியில்லாததாலோ இது வருகிறது என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த உடற்கூற்றை மறந்துவிடுகிறார்கள்.

வாசனை இல்லாத போதை

முன்பெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்கு மூக்கே போதுமாக இருந்தது. பீடி, சிகரெட், சரக்கு எல்லாமே வாசனையால் பிடிபட்டன. இன்று சென்னையின் பள்ளி, கல்லூரி வயதினரிடம் புழங்கும் பலவற்றுக்கு அப்படி ஒரு வாசனை கிடையாது.

கூல் லிப் என்று சொல்லப்படும் சின்னப் புகையிலைப் பை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். வகுப்பு நடக்கும்போதே வாயில் இருக்கலாம், ஆசிரியருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் தடை இருந்தும் இது மாணவர்கள் கைக்குப் போய்க்கொண்டே இருப்பதை 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலையோடு குறிப்பிட்டது. இ-சிகரெட்டை, அதாவது வேப்பை, 2019இல் நாடு முழுவதும் தடைசெய்தார்கள். அது பென் டிரைவ் போலவும் ஹைலைட்டர் போலவும் உருவெடுத்து பென்சில் பாக்ஸுக்குள் இருக்கிறது. பழ வாசனை வந்தால் அம்மா அதை பாடி ஸ்ப்ரே என்று நினைத்துக்கொள்வார்.

மாத்திரை இன்னும் ஆபத்தானது. டேபென்டடால் கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் ஓபியம் வகை வலி நிவாரணி. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத இந்த மாத்திரை, சென்னையில் போலீஸ் பறிமுதல் செய்திகளில் கஞ்சாவுக்கு அடுத்தபடி அடிக்கடி அடிபடும் பெயராகிவிட்டது. விழுங்குவதோடு நிற்காமல் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை என்பதாலேயே அது மருந்துதானே என்ற எண்ணம் பயத்தைப் போக்கிவிடுகிறது.

போனுக்குள் இருக்கும் போதைக்குப் பொட்டலமும் வேண்டாம். பணம் கட்டி ஆடும் ரம்மியும் போக்கரும் இளைஞர்களைத் தற்கொலை வரை தள்ளியதைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022இல் நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி உயர் நீதிமன்றம் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்த நாளில் செயலிகள் நின்றிருக்கலாம். அவற்றில் இழந்ததை ஈடுகட்ட லோன் ஆப்பில் வாங்கிய கடன் நிற்கவில்லை, விட்டதைப் பிடிக்கும் வெறியும் தணிந்துவிடாது.

■ எண்கள் சொல்வது

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் 2.8 சதவீதம், ஓபியம் வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் 2.1 சதவீதம்.

ஒயிட்னர், பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கத்தில் மட்டும் பெரியவர்களை (0.58 சதவீதம்) 10-17 வயதுப் பிள்ளைகள் (1.17 சதவீதம்) முந்தியிருக்கிறார்கள்.

மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவர்தான்.

வீடு தவறாகப் படிக்கும் அறிகுறிகள்

பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறான் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பதின்ம வயதில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கவனிக்க வேண்டியது மாற்றத்தின் வேகத்தையும், ஒன்றோடொன்று சேர்ந்து வரும் மாற்றங்களையும். ஏழு வருடம் விடாமல் போன கிரிக்கெட் கோச்சிங்கை ஒரே மாதத்தில் விட்டுவிடுவது, பழைய நண்பர்கள் வீட்டுப் பக்கம் வருவது நின்று பெயர் தெரியாத புதியவர்களின் போன் மட்டும் வருவது, ராத்திரி விழித்துப் பகலில் தூங்குவது, மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவது, பாத்ரூமில் வெகுநேரம் இருப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

பணம் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டிக்கொடுக்கிறது. யுபிஐ கணக்கில் ஒரே ஆளுக்கு ஐம்பது, நூறு, இருநூறு என்று போய்க்கொண்டிருக்கும். ஜெராக்ஸ், புராஜெக்ட், ஃபேர்வெல் என்று கேட்கும் காரணங்கள் பெருகும். பாட்டியிடம் தனியாக, சித்தப்பாவிடம் தனியாகக் கைமாற்று வாங்கியிருப்பான், ஒருவருக்கு மற்றவர் கொடுத்தது தெரியாது. குடும்ப விசேஷத்தில் எல்லோரும் கூடும்போதுதான் கணக்கு வெளியே வரும்.

மிகவும் எளிதாகத் தவறவிடப்படுவது ‘வைரல் காய்ச்சல்’. ஓபியம் வகை மாத்திரைக்குப் பழகிய உடம்புக்கு அது கிடைக்காத நாளில் மூக்கில் நீர் வடியும், ஓயாமல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், கால் குடையும், வயிற்றுப்போக்கு வரும். அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுப்பார். சாயங்காலம் ‘ஃபிரெண்டைப் பார்த்துட்டு வரேன்’ என்று கிளம்பிப் போய்த் திரும்பும்போது காய்ச்சல் இருந்த சுவடே இருக்காது. இப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து ஒரே மாலையில் போகும் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மறைவு இன்னும் அடர்த்தி. ‘பொண்ணுங்க அதெல்லாம் தொட மாட்டாங்க’ என்ற நம்பிக்கையே அவர்களுக்குத் திரையாகிவிடுகிறது. தெரிந்த பிறகு அதே நம்பிக்கை அவர்களைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகவிடாமல் தடுக்கிறது. பையனை மருத்துவமனையில் சேர்க்கும் குடும்பம்கூடப் பெண்ணை ஊரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்து விஷயத்தை மூடிவிடப் பார்க்கும்.

இந்த அறிகுறிகள் எல்லாமே மனச்சோர்வாகவும் இருக்கலாம், கல்லூரியில் யாரோ கொடுக்கும் தொந்தரவாகவும் இருக்கலாம். பல பிள்ளைகளுக்குப் போதைப் பழக்கமும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கும். உள்ளே இருக்கும் பதற்றத்தை அடக்கத்தான் முதல் மாத்திரையே போட்டிருப்பார்கள். ஆகவே சந்தேகம் வந்தவுடன் குற்றப்பத்திரிகை வாசிக்கக் கூடாது. விசாரிப்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

என்னவெல்லாம் ஆகிறது

மிக அருகில் இருக்கும் அபாயம் மரணம். அது பெரும்பாலும் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. வலி நிவாரணி மாத்திரையோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரும்போது மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடலாம். கூட இருக்கும் நண்பர்கள், போலீஸுக்கும் வீட்டுக்கும் பயந்து ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். எழுப்பியும் எழாமல் குறட்டையோ கரகரப்போ வந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த வகை மயக்கத்துக்கு மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் பிழைக்கவைக்கலாம். அடுத்த ஆபத்து, நிறுத்தியிருந்து மறுபடி தொடும்போது. இரண்டு மாதம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை முதல் சறுக்கலிலேயே இறந்துபோவது இதனால்தான்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும்போது அதில் உள்ள மாவுப் பொருள் ரத்தக் குழாயில் போய் அடைக்கிறது. கை வீங்கும், புண் வரும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொள்வதால் ஹெச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் பரவுகின்றன. கஞ்சா ‘செடிதானே’ என்று சொல்லப்பட்டாலும், பரம்பரையில் மனநோய்ச் சாயல் உள்ள இளைஞர்களிடம் யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும் நிலையையும், காதில் குரல் கேட்கும் நிலையையும் அது முன்கூட்டியே கொண்டுவந்துவிடக்கூடும். ஒயிட்னர், தின்னர் முகர்வது நரம்பையும் இதயத்தையும் நேராகத் தாக்குகிறது.

சூதாட்டத்துக்கு உடம்பில் அடையாளம் இல்லை; அதன் காயம் கடனில் தெரிகிறது. ஃபீஸ் கட்டக் கொடுத்த பணம் போனபின் அதை மீட்க ஒரு கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொன்று. லோன் ஆப்காரர்கள் போனில் இருக்கும் எல்லா எண்களுக்கும் அவதூறு அனுப்புவோம் என்று மிரட்டும் கட்டத்தில், அப்பாவிடம் சொல்வதைவிடச் சாவது எளிது என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது. கடன் எத்தனை லட்சமாக இருந்தாலும் அதை வீட்டில் சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு முன்பே இருந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

வாங்குகிறவன் விற்கிறவனாக மாறுவது இன்னொரு விளைவு. கைச்செலவு தீர்ந்ததும் ‘நாலு பேருக்குக் கொடு, உன்னோடது ஃப்ரீ’ என்று சொல்லப்படுகிறது. அந்த நாளிலிருந்து அவன் சட்டத்தின் பார்வையில் நோயாளி அல்லன்.

இந்திரா நகரில் தொடங்கிய முயற்சி

இந்த மௌனத்தை உடைக்கும் வேலை சென்னையில் அடையாறிலேயே தொடங்கியது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் மதுப் பழக்கத்தால் 1979இல் இளம் வயதிலேயே காலமானார். வசதிக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத வீடு அது. அப்படிப்பட்ட வீட்டுக்கே இங்கே முறையான சிகிச்சை கிடைக்காத காலம். மதுவைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவது குடும்ப மானத்தோடு சேர்ந்த விஷயமாக இருந்த அந்த நாளில், அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், தன் வீட்டில் நடந்ததை மறைக்காமல், 1980இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று இந்திரா நகரில் டி.டி.கே மருத்துவமனை என்று அறியப்படும் மையம் அதிலிருந்து வளர்ந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சமூக விருதும் கிடைத்தன.

அந்த மையம் ஆரம்பம் முதல் வற்புறுத்திவரும் ஒரு விஷயம் இன்றைய பெற்றோருக்கு மிகவும் தேவையானது: அடிமைத்தனம் குடும்பத்தையே பிடிக்கும் நோய், எனவே குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும். நோயாளிக்கு நடப்பதுபோல மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி அமர்வுகள் நடக்கின்றன. மகனுக்காகக் காலேஜில் பொய் சொன்னது, கடனை ரகசியமாக அடைத்தது, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா பணம் கொடுத்தது போன்றவையெல்லாம் பாசத்தால் செய்யப்பட்டவை. அவையே பழக்கத்துக்குப் பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகின்றன. கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தும் முறையையும் இந்த அறக்கட்டளை மஞ்சக்குடியில் செய்து காட்டியது. அங்கே ஊர்க்காரர்களே சிகிச்சையின் ஒரு பகுதியானார்கள்.

முதல் பேச்சு

கண்டுபிடித்த அன்று இரவே பேச வேண்டும் என்ற துடிப்பு எல்லாப் பெற்றோருக்கும் வரும். பிள்ளை போதையில் இருக்கும்போதும், அப்பா கோபத்தில் இருக்கும்போதும் பேசிய பேச்சால் பெரும்பாலும் இரண்டு வருட இடைவெளிதான் விளைகிறது. ஒரு நாள் பொறுக்கலாம். அதற்குள் பெற்றோர் இருவரும் தங்களுக்குள் பேசி ஒரே நிலைப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஆபீசர் என்று ஆள் திரட்டிப் பஞ்சாயத்து வைக்கக் கூடாது. ஒருவர் மட்டும், பிள்ளைக்கு யாரிடம் ஓரளவு நெருக்கமோ அவர், தொடங்குவது நல்லது. நேருக்கு நேர் உட்காருவதைவிட வண்டியில் போகும்போதோ, திருவான்மியூர் பீச்சில் நடக்கும்போதோ பேசுவது இந்த வயதினருக்கு எளிதாக இருக்கிறது.

பார்த்ததைச் சொல்ல வேண்டும், முடிவைச் சொல்லக் கூடாது. ‘நீ கெட்டுப் போயிட்டே’ என்பது முடிவு. ‘மூணு வாரமா நீ காலையில எழுந்திருக்கலை, உன் பேக்ல இந்த அட்டை இருந்துச்சு, எனக்குப் பயமா இருக்கு’ என்பது பார்த்ததும் உணர்ந்ததும். முதல் பதில் அநேகமாகப் பொய்யாகவே இருக்கும்: ‘அது ஃபிரெண்டோடது.’ அந்தப் பொய்யை உடைப்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடக் கூடாது. ‘சரி. உன்னோடதா இருந்தாலும் நீ என்கிட்ட சொல்லலாம். போலீஸுக்கோ காலேஜுக்கோ நான் போகப் போறதில்லை, டாக்டர்கிட்ட போகலாம்’ என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு நிறுத்தலாம். பல பிள்ளைகள் அன்று ஒன்றும் சொல்லாமல் நாலு நாள் கழித்து வந்து சொல்கிறார்கள்.

சத்தியம் வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம், சாமி படத்தின் முன் சத்தியம், கோயிலில் கயிறு கட்டுவது. மனஉறுதிக்கு இவை சிலருக்கு உதவியிருக்கலாம். அடிமையான மூளை சத்தியத்தை மீறும்போது குற்ற உணர்வும் சேர்ந்து மறைவு இரட்டிப்பாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர்களும் தூக்க மாத்திரைக்குப் பழகியவர்களும் கயிறு கட்டிய கையோடு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்ற யோசனைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. அது இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை.

ஆசிரியர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு. பையில் கூல் லிப் சிக்கிய பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால் பள்ளியின் பெயர் அன்றைக்குக் காப்பாற்றப்படும். பள்ளியைவிட்டுப் போனவனுக்குப் பகல் முழுக்க நேரம் கிடைக்கும்.

■ யாரை அழைக்கலாம்

14446 – போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.
14416 – டெலி மானஸ், மனநல ஆலோசனை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழில் பேசலாம்.
104 – தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்.
108 – மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு.

சிகிச்சையும் சட்டமும்

வீட்டாரைத் தடுக்கும் பெரிய பயம் ‘கேஸ் ஆகிடுமோ’ என்பது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போகலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மதுவோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கும், அவர்களைக் கொண்டு விற்கவைப்பவருக்கும் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சிகிச்சை இலவசம். ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை மாநில அரசு 2025இல் திறந்தது. புகையிலை மட்டும் பிரச்சினை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலேயே அதை விடுவதற்கு உதவி கிடைக்கிறது. தனியார் மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில மனநல ஆணையத்தில் பதிவு உள்ளதா, மனநல மருத்துவர் வருகிறாரா, பெற்றோர் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டாக வேண்டும். ராத்திரியில் நாலு பேர் வந்து பிள்ளையைக் கட்டித் தூக்கிப்போகும் மையங்கள் இன்னும் நடக்கின்றன. 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடைசெய்திருக்கிறது. அடி வாங்கித் திரும்பும் பிள்ளை அடுத்த முறை உதவி கேட்க மாட்டான்.

சிகிச்சைக்குப் பிறகு சறுக்கல் வருவது இந்த நோயில் சாதாரணம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் அளவு ஏறினால் யாரும் வைத்தியம் வீணானதாகச் சொல்வதில்லை. மறுபடி மாத்திரை தொட்டவனை ‘லட்ச ரூபாய் செலவு பண்ணியும் திருந்தலை’ என்று ஒதுக்குவதும் அதுபோலவே தவறு. முதல் ஒரு வருடம் மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பது, பழைய எண்களை போனிலிருந்து நீக்குவது, கையில் பணத்தைக் கொஞ்சமாகப் புழங்கவிடுவது, விட்டுப்போன கோச்சிங்கையோ வேலையையோ மறுபடி தொடங்கவைப்பது எல்லாம் சிகிச்சையின் பகுதிகள்.

இத்தனைக்கும் நடுவே எல்லோரும் மறந்துபோவது வீட்டில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ. அண்ணன் கஞ்சா எடுத்தது அம்மாவுக்கு முன்பே தம்பிக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று அண்ணன் மிரட்டியும் இருப்பான். வீட்டின் கவனம் முழுவதும் ஒருவன்மேல் திரும்பிய அந்த இரண்டு வருடத்தில் அவன் பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதியிருப்பான். அதே பழக்கத்துக்குள் அவன் போகும் வாய்ப்பும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். ஆலோசகர்கள் குடும்ப அமர்வுக்கு அவனையும் கூட்டிவரச் சொல்வது இதற்காகத்தான். கூட்டிப்போகிற பெற்றோர் இன்னும் குறைவு.